ஜூலையில் ஊட்னடாட்டா தடம்: எதில் தூங்குவது, எங்கே தூங்குவது?

தார்ச்சாலை:
ஜூலைக் குளிர்காலப் பள்ளி விடுமுறையில் அடிலெய்டிலிருந்து மரீ, அங்கிருந்து ஊட்னடாட்டா தடம் என்ற மண்சாலையைப் பிடித்து மார்லா, பிறகு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், மேற்கு மெக்டானல் மலைகள் என்று திட்டம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் (7, 10 வயது). நடுத்தர அளவு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. கேரவன் பார்க்கில் டோம் கூடாரம் போட்டுத்தான் பழக்கம். ஸ்வாக் (மெத்தையோடு சுருட்டி எடுத்துப்போகும் கன்வஸ் படுக்கை) வாங்குவதா, வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூரைக் கூடாரமா, இருக்கிற டோம் போதுமா? பின்சீட்டை மடக்கிப் பிள்ளைகளை வண்டிக்குள்ளேயே படுக்க வைக்கலாமா? பாம்பு, டிங்கோ (காட்டு நாய்) பயம் எவ்வளவு நியாயம்?

தென்காற்று:
கேள்விகளின் வரிசையை மாற்றுங்கள். எங்கே படுப்பது என்பது முதல் கேள்வி, எத்தனை மணிக்கு வண்டியை நிறுத்துவது இரண்டாவது. எதில் படுப்பது அதற்கும் பின்னால்தான் வரும். மட்டமான கூடாரம் போட்டு நல்ல இடத்தில் படுத்தவர் பத்திரமாக எழுந்திருப்பார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூடாரமும் தப்பான இடத்தில் உதவாது.

ஜூலையில் அந்தப் பக்கம் ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். நாலு, நாலரைக்கெல்லாம் வண்டி நின்றிருக்கவேண்டும். அந்தி சாயும்போது கங்காருவும், ஸ்டேஷன் எனப்படும் பெரிய மாட்டுப் பண்ணைகளின் வேலியில்லாத நிலத்து மாடுகளும் ரோட்டுக்கு வரும் என்பது ஒரு காரணம். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தரையின் சரிவோ தலைக்குமேல் இருக்கும் கிளையோ தெரியாது என்பது இன்னொரு காரணம்.

இறங்கியதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். ஓடைக்கரையில் வெள்ளைத் தண்டோடு நிழல் பரப்பி நிற்பது பெரும்பாலும் ரிவர் ரெட் கம். காற்று துளியும் இல்லாத இரவில்கூட தடித்த கிளையை முறித்துப் போடும் மரம் அது. பச்சை இலையோடு இருக்கும் கிளையும் விழும், எனவே காய்ந்த கிளை இல்லை என்று பார்த்துவிட்டுப் படுப்பது கணக்கில் சேராது. கிளைவிரிவுக்கு முழுக்க வெளியே படுங்கள். மல்கா, கிஜீ மாதிரிக் குட்டை மரங்களின் அருகில் இந்த ஆபத்து இல்லை, காற்று மறைப்பும் கிடைக்கும்.

பிறகு தரை. வறண்ட ஓடையின் மணல் படுக்கச் சுகமாக இருக்கும், படுக்கக்கூடாத இடமும் அதுதான். உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, மேற்புறம் வெகுதொலைவில் பெய்த மழை இரவில் ஓடையில் வந்து சேரலாம். கரையில் புதர்களின் அடியில் சருகும் குச்சியும் ஒரே மட்டத்தில் சிக்கியிருக்கும். பழைய வெள்ளம் தொட்ட மட்டம் அது. அதற்கும் மேலே ஏறுங்கள்.

கிளேபான் எனப்படும் களிமண் தட்டும் அப்படித்தான். மேசைபோல மட்டமாக, முள்ளில்லாமல் இருக்கும். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் சக்கரம் சேற்றைச் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். கிபர் கல் பரவிய, சற்றே உயர்ந்த தரை படுக்க அழகாக இல்லாவிட்டாலும் மறுநாள் வண்டி நகரும்.

அடுத்தது மாட்டுத் தடங்கள். புல்லில்லாத ஒற்றையடிப் பாதைகள் பல ஒரே திசையில் கூடினால், அங்கே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று அர்த்தம். மாடுகள் இரவிலும் அதில் நடக்கும், கூடாரக் கயிறு அவற்றுக்குத் தெரியாது. தென் ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலச் சட்டமும் வீடு, கொட்டகையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும், தண்ணீர்த் தொட்டியிலிருந்து 500 மீட்டருக்குள்ளும் தங்கக்கூடாது என்கிறது. ஆள் இருந்தால் மிரண்ட மாடு தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிடும்.

மார்லாவிலிருந்து கூபர் பீடி பக்கம் இறங்கினால் ஒன்று: ஓப்பல் சுரங்க வெளியில் கூடாரம் போடவே கூடாது. மூடாத செங்குத்துக் குழிகள் அங்கே எங்கும் உண்டு. இரவில் சிறுநீர் கழிக்க நாலடி நடப்பதே ஆபத்து.

கூரைவாசி:
தென்காற்று சொன்ன இடத் தேர்வை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளோடு போகிறவருக்கு என் ஓட்டு கூரைக் கூடாரத்துக்கே. தரையின் முள், எறும்பு, ஈரம், டிங்கோ எதுவும் மேலே வராது. விரிக்க ஐந்து நிமிடம்.

வாங்குமுன் கணக்குப் போடுங்கள், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வண்டிக் கையேட்டில் இருக்கும் கூரை எடை வரம்பு, வண்டி ஓடும்போதுக்கானது. அது 80 கிலோ என்று வையுங்கள். கூடாரத்தைத் தாங்கும் ராக் 25 கிலோ, கூடாரம் 60 கிலோ என்றாலே வரம்பு தாண்டிவிட்டது. மெத்தை, போர்வையை உள்ளே வைத்து மூடினால் அதுவும் சேரும். கரடுமுரடான தடத்தில் ராக் நிறுவனங்கள் தங்கள் வரம்பை மேலும் குறைத்துத்தான் தருகின்றன. நெடுஞ்சாலைக்கு 75 என்றால் மண் தடத்துக்கு 50 என்பது வழக்கமான விகிதம். நின்றிருக்கும்போது கூரை பல மடங்கு தாங்கும், எனவே நாலு பேர் ஏறிப் படுப்பதில் பிரச்சினையில்லை.

சிவப்புத்தூசி:
கூரைவாசி, நாலு பேர் படுக்கிற கூரைக் கூடாரம் அந்த எடைக்குள் வராது. உங்கட கணக்கே அதைத்தான் சொல்லுது. போதாததுக்கு உயரத்தில் காற்று அடிக்கிற அடி வேறை. கன்வஸ் படபடக்கிற சத்தத்தில் பிள்ளைகள் நித்திரை கொள்ள ஏலாது. 7 வயசுப் பிள்ளை இரவில் ஏணியால் இறங்கவேணும் என்பதையும் யோசியுங்கோ. இரவில் அவசரமாக வண்டி எடுக்கவேண்டி வந்தால் முதலில் கூடாரத்தை மடிக்கவேணும்.

தார்ச்சாலைக்கு: பெரியவர் இருவருக்கும் ஒரு டபிள் ஸ்வாக், பிள்ளைகளுக்கு உள்ள டோம் கூடாரம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். புதுசாக வாங்குகிற செலவு ஸ்வாக் ஒன்றுதான். வாங்கேக்கை பார்க்கவேண்டியது: கன்வஸ் 400 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 400 கிராம்) அளவில், தரைப்பகுதி தடித்த பிவிசி, மெத்தை 70 மில்லிமீற்றர், கொசுவலை சிப் முழுசாக மூடுதோ என்பது.

புது ஸ்வாக்கை அப்படியே கொண்டு போகாதேங்கோ. வீட்டு முற்றத்தில் விரிச்சுக் குழாய்த் தண்ணீரால் நல்லாக நனைச்சு, முற்றாகக் காயவிட்டு, திரும்ப இரண்டு தரம் செய்யுங்கோ. தண்ணீர் பட்டுப் பருத்தி நூல் ஊதினால்தான் தையல் துளைகள் அடைபடும். செய்யாவிட்டால் முதல் மழையில் தையலால் ஒழுகும், பிறகு கடைக்காரனைத் திட்டுவீங்கள். அடியில் போடுகிற தார்ப்பாய் ஸ்வாக்கைவிடச் சின்னதாக இருக்கவேணும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடிச்சு உங்களுக்குக் கீழேயே கொண்டுவந்து விடும்.

இனிக் குளிர். பாலைவனம் எண்டால் சூடு என்று நினைச்சு மெல்லிய சிலீப்பிங் பேக்கோடை போறவை கனபேர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை மாதச் சராசரிக் குறைந்த வெப்பநிலை 4 பாகை அளவு. 1976 ஜூலையில் மைனஸ் 7.5 வரை இறங்கினது. பையில் மூன்று எண் போட்டிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். விளம்பரத்தில் பெரிசாகப் போடுகிறது பெரும்பாலும் கடைசி இரண்டில் ஒன்று. எக்ஸ்ட்ரீம் எண்டது உயிர் தப்புகிற எல்லை, நித்திரை கொள்கிற எல்லை இல்லை. கம்ஃபர்ட் எண் 0 அல்லது அதுக்குக் கீழே உள்ளதை எடுங்கோ.

அடியில் போகிற குளிர்தான் கூட. காற்று மெத்தை மட்டும் போட்டால் உள்ளிருக்கிற காற்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்தும். த்ரீ கார்னர் ஜாக் முள் அதை ஒரே இரவில் ஓட்டையாக்கவும் செய்யும். பிள்ளைகளுக்கு மூடிய செல் ஃபோம் பாய் ஒன்று அடியில், அதுக்கு மேல் மெத்தை. மடக்குக் கட்டிலில் படுத்தாலும் ஃபோம் போடவேணும், கீழாலை காற்று ஓடும்.

தார்ச்சாலை:
நன்றி. பிள்ளைகள் கூடாரத்தில் தூங்கப்போகும் முன் அரை மணி நேரம் சின்ன கேஸ் ஹீட்டர் வைத்துச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடலாமா? அல்லது நெருப்புக் கரியைச் சட்டியில் போட்டு வாசலில் வைப்பது?

இரவுக்காவல்:
இரண்டும் வேண்டாம். கரி கனலும்போது புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி, தூக்கக் கலக்கம்; கூடாரத்தில் படுத்திருப்பவர் அதைக் களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடுவார். ஆஸ்திரேலியாவில் கூடாரத்துக்குள் கரி வைத்து உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். அணைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே எடுத்து வைத்த சட்டியும் கொல்லும். "வாசலில்" என்பதும் உள்ளே என்பதும் ஒன்றுதான், காற்று திரும்பினால் போதும்.

கேஸ் ஹீட்டரை அரை மணி நேரத்தில் அணைப்பேன் என்று தொடங்குகிறவர், ஒன்பது மணிக்குக் குளிர் ஏறும்போது மறுபடி பற்றவைப்பார். அந்தப் பொருளையே கொண்டுபோகாதீர்கள். பதிலாக: படுக்கும் முன் வெந்நீரை அலுமினியப் பாட்டிலில் ஊற்றி, மூடி இறுகியதா என்று கவிழ்த்துப் பார்த்து, சாக்ஸ் ஒன்றில் நுழைத்து சிலீப்பிங் பேக்கின் காலடியில் வையுங்கள். பீனி தொப்பி. அன்றைக்குப் போட்டிருந்த வியர்வை ஈர உடை முழுவதையும் கழற்றிவிட்டு உலர்ந்த உடை. பிள்ளைகள் படுக்கும் முன் சிறுநீர் கழிக்கவேண்டும். இவ்வளவும் செய்தால் மைனஸ் இரண்டிலும் தூங்கலாம்.

பிள்ளைகளை வண்டிக்குள் படுக்க வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜூலையில் செய்யலாம். எதிரெதிர்ப் பக்கத்து இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் அகலம் இறக்கி வலை போடுங்கள், இல்லையென்றால் காலையில் மூச்சின் ஈரம் கூரையிலிருந்து சொட்டும். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றக் கூடாது. பின்கதவின் சைல்ட் லாக்கை எடுத்துவிடுங்கள், பிள்ளை உள்ளிருந்து திறந்து வெளியே வர முடியவேண்டும். வண்டிச் சாவி எங்கே இருக்கிறது என்பது இரண்டு பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

பன்னிரண்டு வோல்ட்:
ஃப்ரிட்ஜ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் வண்டியில் படுப்பவர்களுக்கு இதுவும் சேர்ந்ததுதான். காலையில் எஞ்சின் கிளம்பாவிட்டால் ஊட்னடாட்டா தடத்தில் அது தனிப் பிரச்சினை.

45 லிட்டர் ஃப்ரிட்ஜ் குளிர்காலத்தில் நாளுக்கு 20 முதல் 30 ஆம்பியர் மணி இழுக்கும். அதை எஞ்சின் பேட்டரியில் மாட்டாதீர்கள். 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி தனியாக, 25 ஆம்பியர் டிசி–டிசி சார்ஜர் வழியாக. மூன்று மணி நேரம் வண்டி ஓடினால் முக்கால்வாசி நிரம்பும். கேபிள்தான் எல்லோரும் ஏமாறும் இடம். கடையில் "6 மில்லிமீட்டர்" என்று விற்கும் ஆட்டோ கேபிள் உறையோடு சேர்த்த விட்டம், உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். வண்டியின் முன்னாலிருந்து பின்னால் ஐந்து மீட்டர் ஓட்டினால், போய்வர பத்து மீட்டரில் 25 ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். 13.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பேட்டரி முனையிலும் ஃபியூஸ்.

லித்தியத்தை பானட்டுக்கு அடியில் வைக்கக்கூடாது, சூடு கொன்றுவிடும். இன்னொரு பக்கம், பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்ளிருக்கும் மேலாண்மைச் சுற்று சார்ஜை மறுக்கும். பனி விழுந்த காலையில் சோலார் வேலை செய்யவில்லை என்று பேனலைத் திட்டவேண்டாம், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

தார்ச்சாலை:
பாம்புக்கு வருவோம். மனைவியின் முதல் கேள்வியே அதுதான்.

இரவுக்காவல்:
ஜூலை இரவில் பாம்பு நடமாட்டம் மிகக் குறைவு. நண்பகல் வெயிலில் கல்லோரம், விறகுக் குவியலருகே கவனம் வேண்டும். கூடாரச் சிப் எப்போதும் மூடியிருக்கட்டும், பகலிலும். இரவில் இறங்கினால் மூடிய ஷூவும் டார்ச்சும். ஷூவை வெளியே விடாதீர்கள். டிங்கோ தோல் பொருட்களைத் தூக்கிக்கொண்டு போகும், மிச்சம் வைத்ததில் விஷமுள்ள ரெட்பேக் சிலந்தி குடியேறும். உணவும் குப்பையும் வண்டிக்குள் பூட்டியிருக்கவேண்டும். டிங்கோ வந்தால் பிள்ளைகள் ஓடக்கூடாது, பெரியவரின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கவேண்டும்.

பாம்பு கடித்துவிட்டால்: கழுவாதீர்கள், கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடிவாயின்மேல் சுற்றுங்கள். இரண்டாவது பேண்டேஜை விரல் நுனிக்குச் சற்றுமேலே தொடங்கி மேல்நோக்கிக் கையோ காலோ முழுவதும். சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம். கட்டையை வைத்து அசையாமல் கட்டி, கடித்த நேரத்தையும் இடத்தையும் பேண்டேஜின் மேலேயே எழுதுங்கள். கடிபட்டவர் ஓரடிகூட நடக்கக்கூடாது. வாகனம் அவரிடம் வரவேண்டும். காலுக்கு இரண்டு பேண்டேஜ் போதாமல் போகலாம், எனவே மூன்றாக வாங்குங்கள். ரெட்பேக் கடிக்கு இந்தக் கட்டு போடக்கூடாது, வலி கூடும். ஐஸ் ஒத்தடம் கொடுத்து உதவி கேளுங்கள்.

உதவி கேட்பதற்குக் கைப்பேசியை நம்பவேண்டாம். ஊர்களை விட்டு விலகினால் சிக்னல் கிடையாது. 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்டபின் பழைய கைப்பேசிகள் சிலவற்றில் அவசர எண்ணான 000 அழைப்பே போகாது. 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி (சாட்டிலைட் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி) ஒன்று எடுத்து, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து, பயணத் திட்டத்தையும் அங்கே போட்டுவையுங்கள். அழுத்தும்போது ஆன்டெனா முழுதாக நீண்டு வானத்தைப் பார்த்திருக்கவேண்டும், வண்டிக்குள் வைத்து அழுத்திப் பயனில்லை. அது ஒருவழிச் செய்திதான். மருத்துவரிடம் பேச சாட்டிலைட் ஃபோன் வாடகைக்குக் கிடைக்கும். வண்டிகள் பேசிக்கொள்ளும் யூஎச்எஃப் ரேடியோவில் நெடுஞ்சாலைக்கு சேனல் 40, அவசரத்துக்கு மட்டும் சேனல் 5.

எது நடந்தாலும் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். மேலிருந்து தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டி எளிதில் தெரியும்.

வடக்குவெயில்:
ஆலிஸ் ஸ்பிரிங்ஸோடு திரும்பாமல் வடக்கே டார்வின், கக்காடு போவதாக இருந்தால் இந்த விதிகளில் பாதி மாறிவிடும். அங்கே நீர்நிலையென்றாலே உப்புநீர் முதலை. விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, உயர்நீர் மட்டத்துக்கு 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கூடாரம். மீன் சுத்தம் செய்த கழிவு, எலும்பு எதையும் முகாம் அருகே விடக்கூடாது. பாத்திரம் கழுவ ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாதீர்கள், முதலை அந்தப் பழக்கத்தைக் கவனிக்கும்.

சிவப்புத்தூசி:
தண்ணீர்: ஆளுக்கு நாளுக்கு 10 லீற்றர் கணக்கு வையுங்கோ. நாலு பேருக்கு இரண்டு நாளுக்கு 80 லீற்றர், நாலு 20 லீற்றர் கான்களில். ஒரே பெரிய தொட்டியில் வைத்தால் ஒரு கல்லடி எல்லாத்தையும் முடிச்சுவிடும். கூரையில் ஏற்றாதேங்கோ. மரீயிலிருந்து வில்லியம் கிரீக், அங்கிருந்து ஊட்னடாட்டா, அங்கிருந்து மார்லா, ஒவ்வொன்றும் 200 கிலோமீற்றர் சொச்சம். எரிபொருள் அந்த ஊர்களில் கிடைக்கும். மழை வந்தால் ரோட்டை மூடுவினம், மூடின ரோட்டில் ஓடினால் தண்டம். அதுக்காக இரண்டு நாள் சாப்பாடு மேலதிகமாக. பிரஷர் குக்கர் காணும், சோறு வடிக்கிற தண்ணீர் மிச்சம்.

இரவில் நெருப்பை மண் போட்டு மூடிப்போட்டுப் படுக்கலாம், தண்ணீர் வீணாக்கத் தேவையில்லை.

தென்காற்று:
கடைசி வரியை மறுக்கிறேன். மண் போட்டால் கனல் அணைவதில்லை, மணலுக்குள் சூடு பல மணி நேரம் அடங்கிக் கிடக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடும் 7 வயதுக் குழந்தைக்கு அது வெறும் மணலாகத்தான் தெரியும். ஆஸ்திரேலிய மருத்துவமனைகள் இந்தத் தீக்காயத்தை நன்றாக அறியும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே பிடித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவிய நீரே இதற்குப் போதும், எனவே 80 லிட்டரில் கை வைக்கத் தேவையில்லை. தீக்கிடங்கைச் சுற்றி மூன்று, நாலு மீட்டர் புல்லில்லாமல் இருக்கட்டும். ஓடைக்கல்லை வட்டமாக வைக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். தேசியப் பூங்காக்களில் விறகு பொறுக்கத் தடை.

ஸ்பினிஃபெக்ஸ் புல்மேல் சூடான வண்டியை நிறுத்துவதும் நெருப்பு வைப்பதும் ஒன்று. எக்ஸாஸ்ட் சூட்டில் பற்றிக்கொள்ளும். தீயணைப்பான் டிரைவர் சீட்டருகே இருக்கட்டும், சாமான்களுக்கு அடியில் அல்ல.

சிவப்புத்தூசி:
பிள்ளைகள் உள்ள முகாமுக்கு நீங்கள் சொல்வது சரி. திருத்திக்கொள்கிறேன்.

தார்ச்சாலை:
டபிள் ஸ்வாக்கும் டோமும் என்று முடிவு. கடைசியாக ஒன்று: கிபர் தரையில் டோம் கூடாரத்தோடு வந்த முளைகள் இறங்குமா?

கூரைவாசி:
இறங்காது, வளையும். ஸ்குரூ முளைதான் வழி: 12 மில்லிமீட்டர் கனம், 200 மில்லிமீட்டர் நீளமுள்ள கோச் ஸ்குரூ (அறுகோணத் தலையுள்ள தடித்த மரத்திருகு) எட்டு, ஒவ்வொன்றுக்கும் பெரிய வாஷரும் கயிறு கோக்க ஒரு வளையமும். பேட்டரி இம்பாக்ட் டிரைவரில் தலைக்குப் பொருந்தும் சாக்கெட் மாட்டி இறக்குங்கள். இறக்கும்போது நின்றுவிட்டால் அழுத்தாதீர்கள், கீழே கல் இருக்கிறது. ஒரு சாண் தள்ளி மறுபடி முயலுங்கள். மணலில் இதே ஸ்குரூ பிடிக்காது, அதற்கு 30 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறையாத, அகலமான தகடு முளை நாலு தனியாக. முளைத் தலைகளில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள், இரவில் பிள்ளைகளின் கால் முதலில் தேடிப்போவது அதைத்தான். இம்பாக்ட் டிரைவரின் பேட்டரியை முந்தின இரவே உள்ளே எடுத்து வையுங்கள், உறைபனிக் காலையில் பாதி முளை கழற்றும்போதே ஓய்ந்துவிடும்.